பாதியில் நிற்கும் ஒட்டுத்துணிப் போர்வையை முடிப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். காலமாகிவிட்ட அம்மாவின் பருத்திப் புடவைகளை வெட்டி, டபுள் காட் அளவுக்கு ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தொடங்கினீர்கள். 12 அங்குலச் சதுரம் 48 வேண்டும் என்று கணக்குப் போட்டு, 30 முடிந்த நிலையில் நின்றுபோய்விட்டது. வீட்டுக்காரரின் ஒப்பந்த வேலை நீடிக்குமா என்று தெரியவில்லை. மாமியாரை அடிக்கடி புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருகிறீர்கள். ஐப்பசி பிறந்தால் புயல் பயம் வேறு. "இந்த நேரத்துல இது தேவையா அக்கா? தேவைன்னா எப்படி முடிக்கிறது? இதை வெச்சு நாலு காசு பார்க்க முடியுமா?" என்று மூன்று கேள்வி. நடுக் கேள்விக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு நல்ல செய்தி. உங்களிடம் இருக்கும் 30 சதுரங்களே ஒரு முழுப் போர்வைக்குப் போதும். அகலத்தில் 5, நீளத்தில் 6 என்று அடுக்கிப் பாருங்கள். 60 அங்குலத்துக்கு 72 அங்குலம், அதாவது ஐந்தடிக்கு ஆறடி வரும். மூன்றடி அகலக் கட்டிலில் விரித்தால் இரண்டு பக்கமும் ஓரடி தொங்கும். ஒருவர் போர்த்திக்கொண்டு தூங்கத் தாராளம். மிச்சம் 18 சதுரம் பாக்கி என்ற நினைப்புதான் உங்களை இவ்வளவு நாள் பெட்டியைத் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது. டபுள் காட் திட்டத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். இனிமேல் ஒரு சதுரம்கூட வெட்ட வேண்டாம்.

தேவையா என்று கேட்டால், தேவை என்றுதான் சொல்வேன். வேலை, உடம்பு, மழை மூன்றுமே நம் கையில் இல்லாத நாட்களில், காலையில் இல்லாத ஒன்று சாயங்காலம் கையில் இருப்பது சாதாரண விஷயம் கிடையாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா அமைப்பு, இந்தப் பக்கத்து மீனவக் கிராமப் பெண்களுக்கு மிச்சத் துணியில் 'சுனாமிக்கா' என்ற விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பொம்மைகளை விலைக்கு விற்கவில்லை, அன்பளிப்பாகவே உலகம் முழுக்க அனுப்பினார்கள். எல்லாம் போன வீட்டில் உட்கார்ந்து துணித்துண்டைத் தைப்பதற்கு என்ன அர்த்தம் இருந்ததோ, அதே அர்த்தம் உங்கள் போர்வைக்கும் உண்டு. அதற்காக ராத்திரி கண்விழித்து முடிக்கச் சொல்லவில்லை. நாளைக்கு எப்படி இருக்குமோ என்ற காலத்தில் செய்யும் வேலை, எந்த நாளில் நிறுத்தினாலும் அதுவரை செய்தது உபயோகமான பொருளாக நிற்கவேண்டும். நான் சொல்லப்போகும் முறை முழுக்க அதை வைத்துத்தான்.

போர்வையை மொத்தமாகச் சேர்த்து, மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் தரையில் விரித்துத் தைப்பது வழக்கமான முறை. பெரும்பாலான போர்வைகள் நின்றுபோவதும் அந்த இடத்தில்தான். ஐந்தடிக்கு ஆறடி துணியை விரிக்க ஹால் முழுக்கக் காலியாக வேண்டும். விரித்தபின் வீட்டில் யாரும் நடமாடக்கூடாது. மெஷினில் தைத்தால் சுருட்டிய துணி மெஷின் கழுத்துக்குள் நுழையாது. நோயாளி இருக்கும் வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா? அதனால் வரிசை வரிசையாக முடியுங்கள். ஐந்து சதுரங்களைச் சேர்த்தால் 12 அங்குல அகலம், 60 அங்குல நீளத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டைக்கே நடு அடுக்கும் அடித்துணியும் வைத்துத் தைத்து முடித்துவிடுங்கள். அப்படி ஆறு பட்டை. கடைசியில் ஆறையும் இணைத்தால் போர்வை. மூன்று பட்டையோடு நின்றுபோனாலும் பரவாயில்லை. ஒன்று ஊஞ்சல் பலகைக்கு விரிப்பு, இரண்டை இணைத்தால் குழந்தையைப் படுக்கவைக்கும் விரிப்பு. எதுவும் வீணாகாது.

சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 30 சதுரத்தையும் அளந்து பாருங்கள். தையலுக்குக் கால் அங்குலம் வீதம் விட்டு ஒவ்வொன்றும் 12½ அங்குலம் இருக்க வேண்டும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு மனநிலையில் தைத்தவை என்பதால் ஒன்று 12¼ இருக்கும், இன்னொன்று 12¾ இருக்கும். பழம் புடவை மெலிந்த துணி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இழுத்துக்கொள்ளும். நீர்க்கச் சோற்றுக் கஞ்சி போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டால் காகிதம் போல நிற்கும், அளவு பிடிபடும். கெட்டி அட்டையில் 12½ அங்குலச் சதுரம் வெட்டி, எல்லாவற்றையும் அதன் மேல் வைத்துச் சீவிவிடுங்கள். குறைவானவை ஒன்றிரண்டு இருந்தால் ஓரத்தில் சின்னப் பட்டி கொடுத்து ஏற்றலாம். நிறையச் சதுரங்கள் குறைவாக இருந்தால் அட்டையையே 12¼ ஆக்கிவிடுங்கள். போர்வை ஒன்றரை அங்குலம் வரை சிறுப்பதால் யாருக்கும் குளிராது. கஞ்சி போட்ட துணியை மட்டும் மாதக்கணக்கில் அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள், இராமபாணப் பூச்சி அரிக்கும். போர்வை முடிந்ததும் முதல் துவைப்பில் கஞ்சி போய்விடும்.

அம்மாவின் புடவைகளில் பட்டு ஏதாவது கலந்திருக்கிறதா? இருந்தால் எடுத்துவிடுங்கள். பருத்தியைச் சோப்புப் போட்டு அலசவேண்டும், பட்டு அதைத் தாங்காது. ஜரிகைக் கரையும் வேண்டாம், தூக்கத்தில் கன்னத்தில் குத்தும். அந்தத் துண்டுகளைத் தலையணை உறையாகத் தனியே தைத்து வைத்துக்கொள்ளலாம். பலமுறை துவைத்த புடவைகள் சாயம் விடாது. நீங்கள் நடுவில் புதிதாக வாங்கிச் சேர்த்த சிவப்பும் கருநீலமும்தான் ஆபத்து. ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், தண்ணீர் தெளியும்வரை அலசித்தான் ஆகவேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். கடையில் வாங்கிய சாயத்துணிக்கு அது உதவாது.

அடித்துணிக்கு ஒரே ஒரு பருத்திப் புடவை போதும். ஐந்தரை மீட்டர் புடவை சுமார் 46 அங்குல அகலம் இருக்கும். குறுக்கே 14 அங்குலம் வீதம் மூன்று பட்டை, 64 அங்குல நீளம். இப்படி இரண்டு தடவை வெட்டினால் ஆறு பட்டையும் வந்துவிடும், இரண்டு மீட்டருக்கு மேல் மிஞ்சும். வெட்டுவதற்கு முன் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இடுப்பில் சொருகிய இடமும், காலில் பட்டுப் புரண்ட கீழ்க்கரையும் சல்லடையாகத் தெரியும். அந்த இடங்களைத் தவிர்த்து வெட்டத்தான் அந்த மிச்சம்.

நடு அடுக்குதான் நம் ஊருக்கென்று யோசித்துச் செய்யவேண்டியது. குளிர்நாட்டுக்காரர்கள் தடிமனான பஞ்சுத்தாள் வைப்பார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி, தையில்கூடக் கடுங்குளிர் கிடையாது. கடையில் கிடைக்கும் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) பாலியஸ்டர் தாளை வைத்துத் தைத்தால் ஒரு நாள்கூடப் போர்த்த மாட்டீர்கள், வியர்த்துக் கொட்டும். வீட்டில் இருக்கும் பழைய பருத்திப் பெட்ஷீட் ஒன்றே போதும். நெய்த துணி என்பதால் உள்ளே நகராது, திரளாது, தையலும் நெருக்கமாகப் போட வேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் கனம் வேண்டுமென்றால் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டியை இரண்டாக மடித்து வையுங்கள். இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம். வழவழப்பான குட்டை இழை அது. தலையணைக்குச் சரி, போர்வைக்குள் ஒரே மூலையில் போய்க் குவிந்துவிடும். காசு மிச்சம் பிடிக்க ஏதோ ஒப்பேற்றுகிறோம் என்று நினைக்காதீர்கள். வங்காளத்துக் காந்தா என்ற போர்வை பழம் புடவை, வேட்டி அடுக்கித் தைத்ததுதான், நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்து உருவினார்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வையும் பழந்துணிதான். அவர்கள் ஓரத்தில் தொடங்கி வட்டமாக உள்ளே தைத்துக்கொண்டு வருவார்கள், நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த 'பூ' வைக்காமல் முடிக்க மாட்டார்கள்.

சரி, மூன்று அடுக்கையும் சேர்ப்போம். அடித்துணி நல்ல பக்கம் தரையைப் பார்க்க, மேலே பெட்ஷீட், அதற்கு மேல் தைத்த வரிசை. அடித்துணி நாலு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிவிட்டு, அடுக்குகள் நகராமல் பிடிக்கவேண்டும். இதற்கு ஊக்கு குத்துவார்கள். கடலோரத்தில் இருக்கும் நாம் அதைச் செய்யக்கூடாது. உப்புக் காற்றுக்கு ஊக்கு சீக்கிரமே துருப்பிடித்து, துணியில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். நடுவில் ஆஸ்பத்திரி, ஊர்ப்பயணம் என்று சில வாரம் தள்ளிப்போனால் புள்ளியில்லாத இடமே இருக்காது. வெள்ளை நூலால் இரண்டு அங்குல நீளத் தையலில், நாலு அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டிப் பிடியுங்கள். கடைசியில் இந்த நூலை உருவிவிடலாம். ஏற்கெனவே ஊக்குக் கறை இருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசுங்கள். நிறம் வெளுக்கிறதா என்று முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இனி மேல் தையல். பூ, மயில், மாங்காய் எல்லாம் வேண்டாம். நீளவாக்கில் நேர்கோடு நான்கு. வரிசையின் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி முதல் கோடு, அப்புறம் மூன்று மூன்று அங்குலத்தில் மற்ற மூன்று. இப்படிப் போட்டால் வரிசைகளை இணைத்தபிறகும் இணைப்பின் இரு பக்கக் கோடுகளுக்கு நடுவே அதே மூன்று அங்குலம் வரும், ஒரே துணியில் தைத்தது போலத் தெரியும். கோடு போடத் தேய்ந்துபோன சோப்புத் துண்டு போதும். சில டெய்லர்களும் அதை வைத்திருப்பார்கள், தண்ணீர் பட்டால் போய்விடும். பேனா பக்கமே போகாதீர்கள். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். மூன்றை மட்டும் பிரித்துக் கோத்து, அரிசி நீளத்துக்கு ஓட்டுத்தையல் போடுங்கள். முடிச்சு வெளியே தெரியக்கூடாது. கோடு ஆரம்பிக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியை நுழைத்து, கோட்டில் எடுத்து, நூலைச் சுண்டி இழுங்கள். 'டப்' என்று சின்னச் சத்தத்தோடு முடிச்சு துணிக்குள் இறங்கிவிடும். இறங்காமல் அடம்பிடித்தால் முடிச்சு பெரிசு, ஒரு சுற்று குறையுங்கள். பழந்துணியில் பலமாக இழுத்தால் கிழியும்.

ஒரு கோடு ஐந்தடி. ஆறு வரிசைக்கும் சேர்த்து 24 கோடு. மேல் தையல் வேலை மொத்தமும் இதுதான். ஒரு கோட்டை ஒரு நாள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முடியாத நாளில் விட்டுவிடுங்கள், பாக்கியை மறுநாள் கணக்கில் ஏற்றாதீர்கள். வரிசையைச் சுருட்டினால் துண்டு அளவுதான், ஜிப்மரில் உங்கள் முறை வரும்வரை உட்கார்ந்திருக்கும்போது மடியில் வைத்துத் தைக்கலாம். கறுப்பு, கருநீலத் துண்டுகள் வரும் இடத்தைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கண் வலிக்கும், தையலும் கோணும். புயல் செய்தி ஓடிக்கொண்டிருக்கும் டிவி முன்னால் உட்கார்ந்து தைக்கவும் வேண்டாம். கை இறுகும், துணி சுருங்கிப் போகும்.

அதுவும் முடியவில்லை, உட்காரவே மனசு ஓடவில்லை என்றால், கோட்டுக்குப் பதில் முடிச்சு. நாலு அங்குலத்துக்கு ஓரிடத்தில் ஊசியை மேலிருந்து கீழே விட்டு, மறுபடி மேலே எடுத்து, இரண்டு முனையையும் இரட்டை முடிச்சாகக் கட்டி அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். நெய்த துணி நடுவில் இருப்பதால் இதுவே நன்றாகப் பிடிக்கும். பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும்.

வரிசைகளை இணைக்கும்போது அடித்துணியையும் பெட்ஷீட்டையும் பின்னால் மடக்கிவிட்டு, மேல்துணி இரண்டின் நல்ல பக்கங்களையும் சேர்த்துக் கால் அங்குலத்தில் மெஷின் தையல் போடுங்கள். விரித்து, பெட்ஷீட்டின் இரண்டு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்கும்படி சீவுங்கள். பிறகு ஓர் அடித்துணியைத் தட்டையாக விட்டு, மற்றதன் ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடித்து அதன் மேல் வைத்துக் கையால் ஹெம்மிங் செய்யவேண்டும். புயலுக்குப் பிறகு கரண்ட் வர நாள் ஆகும் என்பது நமக்குத் தெரியும். மோட்டார் மாட்டிய மெஷின் என்றால் பழைய கால்மிதி பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

ஓரப்பட்டிக்கு என் கட்சி கைலித் துணி. உங்கள் மாவட்டத்திலேயே குறிஞ்சிப்பாடியில் கைத்தறிக் கைலி நெய்கிறார்கள். அதன் நெருக்கமான நெசவு போர்வையிலேயே அதிகம் தேயும் இடமான ஓரத்தைக் காப்பாற்றும். இரண்டு மீட்டர் கைலியில் நீளவாக்கில் இரண்டரை அங்குல அகலத்துக்கு நாலே பட்டை வெட்டினால் 300 அங்குலத்துக்கு மேல் வரும். உங்கள் போர்வையின் சுற்றளவு 264. மூலைகளைச் சதுரமாக விட்டால் கிராஸாக வெட்டத் தேவையில்லை, நேர்ப்பட்டி போதும். வீட்டுக்காரரின் பழைய கைலி ஒன்று நைந்துபோகாமல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா புடவைக்கு அவருடைய கைலி கரையாக இருக்கட்டுமே.

மழையைப் பற்றி. 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே தென்பெண்ணையில் வந்த தண்ணீர் என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, கையில் தைக்கும் ஒரு வரிசை தவிர மற்றவை எல்லாம் கெட்டியான பிளாஸ்டிக் பையில் இரட்டை முடிச்சுப் போட்டுப் பரண்மேல் இருக்கட்டும். கட்டுவதற்கு முன் துணி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் அடிக்கும் நாளில் ஒருமுறை பிரித்து ஆறவிடுங்கள். மீறி நனைந்துவிட்டால் மடித்தபடி ஒரு மணி நேரம்கூட வைக்காதீர்கள். சாயம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குவது அந்த மடிப்புக்குள்தான். உடனே பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு கொடியின் மேல் பரப்பி நிழலில் காயப்போடுங்கள். சாக்கடை கலந்த வெள்ளம் பட்டிருந்தால் மற்ற துணிகளோடு சேர்க்காமல், சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை தனியாகத் துவைக்கவேண்டும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம்.

கடைசியாகக் காசு விஷயம். பெரிய போர்வையை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று இப்போதைக்கு எண்ணாதீர்கள். உங்கள் கைவேலை நேரத்துக்குக் கூலி போட்டால் வரும் விலையைக் கேட்டு அக்கம்பக்கத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். விலையைக் குறைத்தால் உங்கள் உழைப்புதான் நஷ்டம். சின்னப் பொருளில் தொடங்குங்கள். குழந்தை விரிப்பு, மேஜை விரிப்பு, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி ஆகியவை சீக்கிரம் முடியும், வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வாங்குவார்கள். அம்மாவின் புடவையைத் தொடாதீர்கள். இதற்குத் தனித் துணி வேண்டும். தெரிந்த டெய்லரிடம் வெட்டுத்துண்டு கேட்கலாம், அல்லது புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துணி பார்க்கலாம். எதுவானாலும் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். பிடிதுணிக்குள் அந்த இரண்டாவது வகை கொஞ்சமும் போகக்கூடாது, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். முதலில் இரண்டு செய்து பக்கத்து வீட்டுச் சமையலறைக்குக் கொடுங்கள், வெந்நீரில் சோப்புப் போட்டு நாலைந்து முறை துவைக்கச் சொல்லுங்கள். சாயம் போகாமல், ஓரம் பிரியாமல் வந்தால் விலை சொல்ல ஆரம்பிக்கலாம்.